இரும்புக் கைக்குப் பூப்போட்ட உறை

பயப்படுவதில் எனக்கு நிகர் நான்தான். இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். ஊசி போட வரும் நர்ஸ் பஞ்சை நனைப்பதற்குள் நான் ஒரு தடவை மயங்கி விழுந்து, எழுந்து, தண்ணீர் குடித்து, அடுத்த மயக்கத்துக்கு வசதியான இடம் பார்த்துக்கொண்டிருப்பேன். பல்லி என் பக்கம் திரும்பினால் கட்டில்மேல் ஏறுவேன். திரும்பாவிட்டால், இது ஏன் திரும்பவில்லை, என்ன திட்டம் போடுகிறது என்று யோசித்து, நாற்காலியையும் கட்டில்மேல் தூக்கிவைத்து அதன்மேல் ஏறுவேன்.

அப்படிப்பட்டவன், ஒரு இரும்புக் கையோடு கைகுலுக்கப் போனேன்.

கண்ணாடிக் குடுவை செய்கிற ஃபாக்டரியில், சரக்கு அனுப்புகிற பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே எனக்கு வைத்த பெயர் மைக்செட். நான் வாசலில் தும்மினால் குடோனில் அடுக்கிய குடுவைகள் எல்லாம் கிணுகிணுவென்று பதில் சொல்லும். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் தீயணைப்பு வண்டிக்காரர்கள் பூட்ஸை மாட்டிக்கொண்டு காத்திருப்பார்கள் என்றுகூடப் பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியவனும் நான்தான். என் பேச்சில் பாதிதான் வாயில் இருக்கிறது. மீதி வலது கையில். அது ஆடி அசைந்து, உயர்ந்து தாழ்ந்து, விரித்துக் காட்டினால்தான் எனக்கு வார்த்தையே வரும். கையைக் கட்டிப்போட்டால் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாமல் முழிப்பேன்.

அந்த ஃபாக்டரியில் இப்போது என் மாப்பிள்ளை இன்ஜினியர். நல்ல மனிதர். கல்யாணமான புதிதில் ஒருநாள் என் அலறல் கேட்டு, செருப்புகூடப் போடாமல் என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். டாக்டர் கண்ணாடியை மாட்டி, விளக்கைத் திருப்பி, பிறகு பூதக்கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லி, என் விரலிலிருந்து ஒரு மரச்சிலாம்பை எடுத்தார். எடுத்ததைத் தொலைத்தும் விட்டார், அவ்வளவு பெரியது. அன்றிலிருந்து நான் எவ்வளவு கத்தினாலும் மாப்பிள்ளை படிக்கிற பேப்பரின் பக்கத்தைத் திருப்புவதோடு சரி. "மாமாவுக்கு ஒண்ணும் இருக்காது" என்பார்.

என் வீட்டுக்காரிக்கு உறை தைப்பது ஒரு வியாதி. டிவி ரிமோட்டுக்கு உறை, ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, தையல் மிஷினுக்கு உறை, அந்த உறையில் தூசி படியாமல் அதற்கு மேல் ஓர் உறை. நான் பிற்பகலில் அசையாமல் தூங்கிவிட்டால் இஞ்சு டேப்போடு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். அதனால்தான் நான் தூக்கத்திலும் புரண்டுகொண்டே இருப்பேன்.

ஃபாக்டரியில் ரோபோ கை ஒன்று வந்திருக்கிறது, மெல்லிசுக் குடுவையை உடையாமல் எடுத்துப் பெட்டியில் வைக்கப் போகிறது என்று மாப்பிள்ளை சொன்னபோது, எல்லாரும் விலை கேட்டோம், வேகம் கேட்டோம். அவள் மட்டும், "தூசி படியாதா மாப்ள?" என்று கேட்டாள். கேட்டதோடு நிற்காமல் அளவும் வாங்கிவிட்டாள். ஜன்னல் திரையில் மிஞ்சிய சிவப்புப் பூத் துணியில், மூன்று விரலும் ஒரு கட்டைவிரலும் வைத்து, நழுவாமல் இருக்க ஒவ்வொரு விரலிலும் எலாஸ்டிக் கொடுத்து, இறுக்கமாக ஓர் உறை தைத்து அனுப்பினாள். மாமியார் தைத்துக் கொடுத்ததை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்ட எந்த மாப்பிள்ளைக்குத் துணிச்சல் வரும்?

மறுநாள் குடுவை வாங்குகிற பெரிய கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். அதற்கு முன்னால் வீட்டு மனிதர்களுக்கு ஒரு தடவை காட்டலாமே என்று மாப்பிள்ளை எங்களை மதிய இடைவேளையில் வரச் சொன்னார். ஷெட்டில் யாரும் இல்லை. பக்கத்துக் கட்டடத்தில் உலை மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. தரையில் கறுப்பு ரப்பர் பாய். நடுவில் அது நின்றது. தோள், முழங்கை, மணிக்கட்டு என்று மனிதனுக்கு இருப்பதெல்லாம் இருந்தது, மனிதன் மட்டும் இல்லை. நுனியில் எங்கள் வீட்டு ஜன்னல் திரை.

"பாத்தீங்களா, மாப்ள போட்டு வெச்சிருக்காரு!" என்று வீட்டுக்காரி என் விலாவில் இடித்தாள். முகமெல்லாம் பல்.

"காலையில மிஷின ஆன் பண்றதுக்கு முன்னாடியே போட்டுட்டேன் அத்தை. இவ்வளவு நேரமும் அதுலதான் இருந்துச்சு" என்றார் மாப்பிள்ளை. குழந்தை தலையிலிருந்து குல்லாவைக் கழற்றுவது போல அந்த உறையை விரல்விரலாகக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பை விளிம்பில் ஒரு பூ எட்டிப் பார்த்தது.

உறைக்குள்ளே இருந்தவை சாம்பல் நிற ரப்பர் விரல்கள். "இந்த ரப்பர்தான் மாமா தோல். அதுக்குக் கீழ பொட்டுப் பொட்டா சென்சார் இருக்கு. எந்தப் பொட்டு எவ்வளவு அழுந்துதுன்னு தெரிஞ்சுக்கும். போதும்னு தோணினதும் பிடிய நிறுத்திடும். குடுவைக்கு ஒரு பிடி, மூடிக்கு ஒரு பிடி."

"நம்ம கீழ இருக்கிற பாய்?"

"அதுவும் சென்சார்தான். பாய்மேல ஆள் நிக்கிறது தெரிஞ்சா கை மெதுவாத்தான் அசையும். பாதுகாப்பு."

நான் உடனே பாயிலிருந்து இறங்கினேன். இறங்கினால் வேகமாக அசையுமே என்று மறுபடி ஏறினேன். திரும்ப இறங்குவதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

"என்ன மைக்செட், பாய்மேல டான்ஸ் ஆடுற? தம்பி, நாளைக்கு வர்றவங்களுக்கு இது கைகுலுக்கும்னு சொன்னீங்களே. யாராச்சும் குலுக்குங்க, பாப்போம்."

மாப்பிள்ளை பலகையில் பொத்தான் தட்ட வேண்டும். முதலாளி இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். வீட்டுக்காரி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். என்னால் முடியாது என்று சொல்லியிருப்பேன். ஆனால் பஸ் நிறுத்தத்து பெஞ்சில் என் கூட்டாளிகளிடம், அந்த ரோபோவோடு ஏற்கெனவே கைகுலுக்கிவிட்டதாகவும், அது என் கையை விட மனமில்லாமல் கண்கலங்கியதாகவும் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரியும் அதே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

"குடுங்க, பழைய சிநேகிதம்தானே" என்றாள்.

"குடுங்க மாமா. பச்சக் குழந்தை விரலப் பிடிச்ச மாதிரி இருக்கும்."

நீட்டினேன்.  இரும்புக் கை மெதுவாக, மிக மெதுவாக, நான் பாய்மேல் நிற்பதை மதித்து, அருகில் வந்தது. ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்த அழிரப்பர் மாதிரி சில்லென்று உள்ளங்கையில் பட்டது. விரல்கள் மூடின. டிக்.

"அட!" என்றார் முதலாளி.

டிக். இன்னும் கொஞ்சம் மூடியது. டிக்.

"போதும்னு சொல்லுங்க மாப்ள."

"அதுவே நிறுத்திக்கும் மாமா."

டிக்.

"நிறுத்தலையே மாப்ள!"

டிக். மோதிரம் விரலுக்குள் இறங்கத் தொடங்கியது. நான் கத்தினேன். எப்படிக் கத்தினேன் தெரியுமா? உலை ஒரு நிமிஷம் அணைந்து, என்ன விஷயம் என்று கேட்டுவிட்டு மறுபடி எரிந்தது. மாப்பிள்ளை கம்ப்யூட்டர் திரையில் கண்ணை வைத்தபடி, "பழக்கம் இல்லாததால அப்படித் தெரியுது மாமா" என்றார். டிக். ஓடுகிற வண்டி மோதினால் பயப்பட நேரம் இருக்காது. இது அப்படியில்லை. ஒவ்வொரு டிக்குக்கும் நடுவில் எனக்கு நிதானமாகப் பயப்பட நேரம் கொடுத்தது. இந்த மெதுவுக்குத்தான் பாதுகாப்பு என்று பெயர்!

திரையில் எதையோ பார்த்த மாப்பிள்ளையின் முகம் வெளுத்துப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். பாய்ந்து போய்ச் சிவப்புப் பொத்தானில் குத்தினார். டிக் நின்றது. கரண்ட் நின்றது. விசிறிகூட நின்றது.

கை மட்டும் திறக்கவில்லை.

"திறங்க மாப்ள."

"கரண்ட் போனா திறக்காது மாமா. திறந்தா குடுவை கீழ விழுந்துடும்ல, அதுக்காகப் பூட்டிக்கிற மாதிரி செஞ்சிருக்காங்க."

"நான் குடுவையா மாப்ள?"

"அப்ப ஆன் பண்ணு தம்பி, ஆன் பண்ணித் திறந்துடு" என்றார் முதலாளி.

மாப்பிள்ளை அசையவில்லை. "ஆன் பண்ணினதும் அது முதல்ல ஒரு தடவ முழுசா மூடிப் பாக்கும் சார். தன் விரல் எதுவரைக்கும் போகும்னு தெரிஞ்சுக்கிட்டு, அப்புறம்தான் திறக்கும்."

முழுசாக மூடும். என் கை உள்ளே இருக்கும்போது. இந்த இரண்டையும் நான் மனத்துக்குள் சேர்த்துப் பார்த்தேன். ஈரக்குலை நடுங்கியது என்று எத்தனையோ தடவை சும்மா சொல்லியிருக்கிறேன். அது எங்கே இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

"ஏன் மாப்ள இப்படி ஆச்சு?" என்று வீட்டுக்காரி கேட்டாள். அவள் என் இடது கையைப் பிடித்திருந்தாள். அவள் கையும் சில்லென்றுதான் இருந்தது.

  மாப்பிள்ளையின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், எட்டிப் பார்த்த பூவை உள்ளே தள்ளியது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

"சொல்லுங்க. உறையா?"

"கடையில தராசுமேல காலிப் பாத்திரத்த வெச்சு, முள்ள சைபருக்குக் கொண்டாருவாங்கல்ல அத்தை? இதுவும் ஆன் பண்ற நேரத்துல விரல்மேல என்ன அழுத்தம் இருக்கோ அதச் சைபர்னு வெச்சுக்கும். காலையில உறையோட எலாஸ்டிக் அழுத்திட்டு இருந்துச்சு. அந்த இறுக்கந்தான் சும்மா இருக்கிறதுன்னு எடுத்துக்கிச்சு. இப்ப உறை இல்ல. மாமா கைய இவ்வளவு பிடிச்சும் அதுக்கு இன்னும் எதையும் தொட்ட மாதிரியே தெரியல. நான்... கழட்டிட்டு ஆன் பண்ணியிருக்கணும். நீங்க வர்றப்ப அது போட்டிருக்கணும்னு நெனச்சேன்."

அவள் என் இடது கையை இன்னும் கெட்டியாகப் பிடித்தாள். வலது கையில் அது, இடது கையில் இவள். இரண்டு பக்கமும் நெருக்கடி.

கையால் திறக்க ஒரு வழி இருந்தது. மணிக்கட்டின் பின்பக்கம் சின்ன ரப்பர் மூடி. அதைப் பிடுங்கினால் உள்ளே ஒரு திருகு. அதைச் சாவி போட்டுத் திருகினால் விரல்கள் நகரும். மாப்பிள்ளை சாவியை எடுத்துவந்து உள்ளே விட்டார். திருகவில்லை. அப்படியே நின்றார்.

"என்ன தம்பி?"

"போன வாரம் விரலக் கழட்டி மாட்டினேன் சார். பல்சக்கரத்தத் திருப்பி மாட்டினேனா, பழையபடி மாட்டினேனான்னு ஞாபகம் வரல. ஒரு பக்கம் திருப்பினா திறக்கும். இன்னொரு பக்கம்..."

மீதியை அவர் சொல்லவில்லை. எனக்குக் கேட்டுவிட்டது.

"கழட்டிப் பாத்துடுங்க."

"கை உள்ள இருக்கப்ப கழட்ட முடியாது சார். கொஞ்சமாத் திருப்பிப் பாக்கலாம். மாமா, உங்க கைதான் எனக்கு சென்சார். இறுகினா உடனே சொல்லணும். சரியா?"

நான் ஏற்கெனவே கத்திக்கொண்டுதான் இருந்தேன். கரண்ட் நின்றதிலிருந்து நிறுத்தவில்லை. விரல் போச்சு என்றேன், எலும்பு பவுடர் ஆகிவிட்டது என்றேன், தோளுக்குக் கீழே எதுவுமே இல்லை என்றேன், என் கூட்டாளிகளுக்குச் சொல்லியனுப்புங்கள் என்றேன். சொல்லும்போதே எனக்கு ஒரு புது பயம் பிடித்தது. இதற்கு மேல் கத்த என்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது? நிஜமாகவே இறுகினால் இவர்களுக்கு எப்படித் தெரியும்? மரச்சிலாம்புக்கே உச்சத்தைத் தொட்டுவிட்டவன் இப்போது எங்கே போய் ஏறுவேன்? மாப்பிள்ளை காது என் சத்தத்தைச் சைபரில் வைத்துக்கொண்டு பல வருஷம் ஆகிவிட்டது.

"திருப்புறேன் மாமா."

திருப்பினார்.

அந்த நொடி எப்படி இருந்தது என்று வர்ணிக்க எனக்கு ஆசைதான். ஆனால் என்னிடம் அதற்கு வார்த்தை இல்லை, அன்றும் இல்லை. உள்ளங்கையின் நடுவிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி நேராகத் தொண்டைக்கு வந்து மூச்சை அடைத்தது. வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை. காற்றுகூட இல்லை.

ஷெட் அமைதியானது.

"அப்பாடா" என்றார் முதலாளி. "நின்னுடுச்சு பாருங்க. லூஸ் ஆயிடுச்சு."

மாப்பிள்ளை நெற்றியைத் துடைத்தார். "சரியான பக்கந்தான். இன்னொரு சுத்து, மாமா கை வெளிய வந்துடும்." சாவியில் மறுபடி கையை வைத்தார்.

இல்லை என்று சொல்ல நினைத்தேன். தலையாட்ட நினைத்தேன். என் வலது கை இருந்தால் ஆட்டிக் காட்டியிருப்பேன். அதுதான் அங்கே இருந்ததே. மாப்பிள்ளையின் விரல்கள் சாவியில் வளைவதையும், நகம் வெளுப்பதையும் பார்த்துக்கொண்டே நின்றேன். உலகத்தில் எல்லாருக்கும் நிம்மதி, எனக்கு மட்டும் தெரியும்.

"கைய எடுடா!"

கட்டடமே குதித்தது. மாப்பிள்ளை குதித்தார். முதலாளியின் கைகள் பேன்ட் பையிலிருந்து வெளியே வந்து விழுந்தன. கல்யாணப் பேச்சு எடுத்த நாளிலிருந்து மாப்பிள்ளையின் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசாதவள், 'வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள' என்று மரியாதை குறையாமல் பேசியவள், அந்த மனிதரை 'டா' போட்டுவிட்டாள்.

"அத்தை?"

"இவரு பேசல! இவரு வாய மூடினா நெஜமாவே வலிக்குதுன்னு அர்த்தம்! பிரசவ வார்டுக்கு வெளியே நின்னப்ப மட்டுந்தான் இப்படி நின்னாரு. மறுபக்கம் திருப்புங்க. சீக்கிரம்!"

மாப்பிள்ளை யோசிக்கவில்லை. மறுபக்கம் திருப்பினார். ஒரு சின்ன டிக். தொண்டையில் அடைத்திருந்தது கொஞ்சம் நகர்ந்தது. இன்னொரு டிக். மூச்சு வந்தது. மூன்றாவதில் எனக்குக் குரல் வந்தது. "ஐயோ, போச்சே, கை போச்சே, எல்லாம் போச்சே!" என்று ஆரம்பித்தேன்.

"ஆங், கத்துறாரு" என்றாள். "நல்லா இருக்காரு. நீங்க திருப்புங்க."

"வலிக்குதே, உயிர் போகுதே!"

"திருப்புங்க, திருப்புங்க. இதெல்லாம் ஒண்ணும் இல்ல."

விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. என் கை வெளியே வந்தது. ரப்பரின் பொட்டுப் பொட்டான அச்சு உள்ளங்கை முழுக்கப் பதிந்திருந்தது. மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, சுண்டுவிரலில் ஒரு மயிரிழை விரிசல், மற்றபடி தப்பித்தீர்கள் என்றார். பெஞ்சில் என் கூட்டாளிகளுக்கு நான் சொல்லும் கதையில் விரிசல் முழங்கை வரை போகிறது.

மறுநாள் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். கை குடுவைகளை எடுத்து வைத்தது, ஒன்றுகூட உடையவில்லையாம். கைகுலுக்கலை மாப்பிள்ளை நீக்கிவிட்டார். கரண்ட் போனாலும் பிடியை விடுகிற மாதிரி மாற்றும்வரை மனிதக் கை எதுவும் பக்கத்தில் போகக் கூடாது என்று முதலாளியிடம் சண்டை போட்டு எழுதி ஒட்டியிருக்கிறார். அத்தையிடம் மட்டும் இன்னும் பாதி நடுக்கத்தோடுதான் பேசுகிறார். அவளும் அவரைப் பார்த்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்கிறாள். 'டா' போட்ட வெட்கம்.

கை மாட்டிக்கொண்ட அன்று சாயங்காலமே அவள் மாப்பிள்ளையிடம் உறையைக் கேட்டு வாங்கினாள். அவர் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். எலாஸ்டிக்கை எல்லாம் பல்லால் கடித்து அறுத்து எடுத்தாள். பிறகு அதே பூத் துணியைப் பிரித்து, என் வீங்கிய கைக்கு ஓர் உறை தைத்தாள். கட்டுக்கு மேல் தூசி படியக் கூடாதாம்.

போட்டுவிட்டு, நாடாவை முடிந்தாள்.

"இறுக்கமா இருக்கா?"

என்ன கத்து கத்தலாம் என்று யோசித்துக்கொண்டு ஒரு கணம் சும்மா இருந்தேன்.

அவள் சட்டென்று முடிச்சை அவிழ்த்துவிட்டாள்.